‘வென்றது’ என்று எழுதுவதற்கு முன்: கன்சோல் வரலாறு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் வீடியோ கேம் வரலாறு எழுதும் கட்டுரையாளர்களே, காணொளி செய்பவர்களே, மொழிபெயர்ப்பாளர்களே,

சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் 1988 அக்டோபர் 29 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதற்கு ஆறு நாள் முன்புதான் நிண்டெண்டோவின் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3’ வெளியாகியிருந்தது. கடைகளில் கூட்டம் மாரியோவுக்குத்தான் நின்றது. மெகா டிரைவ் ஜப்பானில் நிண்டெண்டோவுக்கும், என்.இ.சி.யின் பி.சி. என்ஜினுக்கும் பின்னால் மூன்றாவதாகவே இருந்து ஓய்ந்தது. தன் வாழ்நாள் முழுவதிலும் அங்கே சுமார் 36 இலட்சம்தான் விற்றது. அதே இயந்திரம் அமெரிக்காவுக்கு 1989இல் ‘ஜெனிசிஸ்’ என்ற பெயரில் போய், அசைக்கவே முடியாது என்று நம்பப்பட்ட நிண்டெண்டோவின் சந்தையில் பாதியைப் பிடுங்கிக்கொண்டது. பிரேசிலில் அதை 2017இல் புதிதாகச் செய்து மீண்டும் விற்றார்கள். சில்லு ஒன்று, கேம்களும் பெரும்பாலும் ஒன்று. மூன்று நாடுகளில் மூன்று வாழ்க்கை.

உங்கள் எழுத்தில் இந்த மூன்றில் ஒன்றுதான் வருகிறது. தமிழில் இன்று படிக்கக் கிடைக்கும் கன்சோல் வரலாறு பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடுகிறது: 1983இல் தொழிலே சரிந்தது, 1985இல் நிண்டெண்டோ வந்து மீட்டது, பிறகு சேகா எதிர்த்து நின்றது, பிறகு பிளேஸ்டேஷன் எல்லாரையும் வென்றது. ஒவ்வொரு வரியும் அமெரிக்கக் கடைத்தெருவுக்குப் பொருந்தும். அதை உலகத்தின் கதையாக வாசகரிடம் கொடுக்கிறீர்கள். ஆங்கிலத்தில் எழுதிய அமெரிக்கர்கள் தங்கள் நாட்டுக் கதையைச் சொன்னதில் தவறில்லை. அவர்களுக்கு ‘நாடு’ என்றால் அதுதான். தமிழில் எழுதும்போது அந்தச் சொல்லாத நாட்டுப்பெயரையும் சேர்த்து மொழிபெயர்த்திருக்க வேண்டும். அது விடுபட்டுப்போவதால் விளையும் பிழைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும்படி உங்களை இந்த மடல் கேட்கிறது.

முதலில் அந்தச் சரிவு. 1983இல் அமெரிக்காவில் அட்டாரி உள்ளிட்ட நிறுவனங்களின் கேசட்டுகள் கடைகளில் மலைபோல் தேங்கின. தரமற்ற கேம்கள் குவிந்தன, விலை மண்ணைத் தொட்டது, ‘வீடியோ கேம்’ என்ற சொல்லைக் கேட்டாலே கடைக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். நிண்டெண்டோ 1985 அக்டோபரில் நியூயார்க்கில் தன் இயந்திரத்தை வைக்க முயன்றபோது, அதை வீடியோ கேம் என்றே சொல்லாமல் ‘என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்’ என்றது. கேசட்டை வி.சி.ஆரில் நுழைப்பதுபோல் முன்பக்கமாக நுழைக்கும்படி பெட்டியை மாற்றி வடிவமைத்தது. கூடவே ஒரு சின்ன ரோபோவையும் வைத்துப் பொம்மைக் கடைக்குள் நுழைந்தது. விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக வாக்கும் கொடுத்தது. இவ்வளவு பாடும் அமெரிக்கக் கடைக்காரரின் பயத்தைப் போக்குவதற்காகப் பட்ட பாடு. அதே 1983இல், ஜூலை 15 அன்று, ஜப்பானில் 14,800 யென்னுக்கு ஃபேமிகாம் வெளியாகிவிட்டது. அங்கே சரிவு ஏதும் இல்லை, தொடக்கம்தான் நடந்துகொண்டிருந்தது. அதே ஆண்டை இரண்டு நாடுகளில் இரண்டு விதமாக எழுத வேண்டியிருக்கிறது என்பதை உங்களில் எத்தனை பேர் வாசகருக்குச் சொல்லியிருக்கிறீர்கள்?

பிரிட்டனுக்குப் போனால் படம் இன்னும் மாறுகிறது. அங்கே 1982இல் சின்க்ளேர் நிறுவனம் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியை 125 பவுண்டு தொடக்க விலையில் கொண்டுவந்தது. கொமடோர் 64, ஆம்ஸ்ட்ராட் ஆகியவையும் வீடுகளில் புகுந்தன. கேம் என்பது அங்கே பாட்டுக் கேட்கும் அதே ஒலிநாடா. டேப் ரெக்கார்டரில் போட்டுச் சில நிமிடம் அது கீச்சிடுவதைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தால் கேம் வந்துவிடும். கோட்மாஸ்டர்ஸ் போன்ற நிறுவனங்கள் 1.99 பவுண்டுக்கு கேம் விற்றன. பள்ளிப் பையன் கைச்செலவுக் காசில் வாங்கலாம். இரட்டை டேப் ரெக்கார்டர் இருந்தால் நண்பனுக்கு நகலும் எடுத்துக் கொடுக்கலாம். பத்திரிகையில் அச்சாகி வந்த நிரலை வரிவரியாகத் தட்டித் தானே கேம் செய்யவும் பழகலாம். அப்படிப்பட்ட பிள்ளையிடம் போய், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கேசட்டை நீட்டினால் எப்படி வாங்குவான்? நிண்டெண்டோவின் முதல் இயந்திரம் பிரிட்டனில் அமெரிக்காவைப்போல் வீட்டுக்கு வீடு இடம்பிடிக்கவே இல்லை. அதை அங்கே விநியோகித்தது மேட்டெல் என்ற பொம்மை நிறுவனம். கேம் விற்கும் கலை அறிந்த உள்ளூர் நிறுவனமான மாஸ்டர்ட்ரானிக் அப்போது சேகாவின் பக்கம் இருந்தது. அதனால்தான் மெகா டிரைவுக்கு முந்தைய சேகா இயந்திரமான, அமெரிக்காவில் தலையெடுக்காத மாஸ்டர் சிஸ்டம் ஐரோப்பாவில் நன்றாக விற்றது. விநியோகஸ்தர் யார் என்ற ஒரு தகவல் இல்லாமல் இந்த வேறுபாட்டைப் புரியவைக்க முடியாது. உங்கள் கட்டுரைகளில் அந்த இடம் எப்போதும் காலியாகவே கிடக்கிறது.

ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. ஜப்பான், அமெரிக்கத் தொலைக்காட்சிகள் நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பித்தன. ஐரோப்பாவின் ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறையில் 50 தடவைதான். சரிப்படுத்தாமல் விற்கப்பட்ட கேம்கள் அங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்தது. பல கேம்கள் ஓராண்டு தாமதமாக வந்தன, சில வரவே இல்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 1995இல் கொண்டாடப்பட்ட ‘க்ரோனோ ட்ரிக்கர்’ அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் வெளியாகவே இல்லை. அந்தக் கேம் இல்லாமலே ஒரு தலைமுறை முழுவதும் வளர்ந்த ஒரு கண்டம் இருக்கும்போது, “உலகமே விளையாடியது” என்று எழுதுவது எப்படிச் சரியாகும்?

இனி சேகா. வட்டாரச் சந்தை என்றால் என்னவென்று காட்ட இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது என்பதால் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் ஜெனிசிஸ் உடனே ஓடிவிடவில்லை. மேட்டெலில் பார்பி பொம்மையை விற்றுப் பெயர் வாங்கிய டாம் கலின்ஸ்கி 1990இல் அமெரிக்கச் சேகாவின் பொறுப்பை ஏற்றார். விலையைக் குறைப்பது, ‘சோனிக்’ கேமை இயந்திரத்தோடு இலவசமாகச் சேர்த்துக் கொடுப்பது, அமெரிக்கர்களுக்கான விளையாட்டுகளை அமெரிக்காவிலேயே செய்வது, நிண்டெண்டோவைப் பெயர் சொல்லித் தாக்கி விளம்பரம் செய்வது என்று அவர் திட்டம் வைத்தார். ஜப்பானியத் தலைமையகத்தில் பலர் அதை விரும்பவில்லை. தலைவர் ஹயாவோ நகயாமா அனுமதித்தார். 1991இல் சோனிக் வந்தது; அமெரிக்கக் கால்பந்து கேம்கள் வரிசையாக வந்தன. சேகாவின் குறி நிண்டெண்டோவோடு வளர்ந்து பதின்பருவத்தை எட்டிய பையன்கள்; தம்பி விளையாடும் பொம்மையிலிருந்து தள்ளி நிற்க விரும்பும் வயது அது. 1993இல் ‘மார்ட்டல் காம்பாட்’ வந்தபோது நிண்டெண்டோ இரத்தத்தை நீக்கி வெளியிட்டது. சேகாவின் பதிப்பில் ஒரு ரகசியக் குறியீட்டை அழுத்தினால் இரத்தம் வரும். சேகா பதிப்பே அதிகம் விற்றது. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க செனட் விசாரணை நடந்தது. மறு ஆண்டு வயதுத் தரம் பிரிக்கும் முறை பிறந்தது.

இந்தத் திட்டத்தில் எதுவும் ஜப்பானில் எடுபட்டிருக்காது. ஜப்பானியர் அந்நாளில் விரும்பியது நீண்ட கதையுள்ள கேம்கள். ‘டிராகன் குவெஸ்ட்’ 1986 முதல் அங்கே வேரூன்றியிருந்தது. அது நிண்டெண்டோவின் இயந்திரத்தில்தான் வந்தது. அதே ‘டிராகன் குவெஸ்ட்’ அமெரிக்காவில் பெயர் மாறி வந்தபோது வாங்க ஆளில்லாமல், நிண்டெண்டோ தன் பத்திரிகைக்குச் சந்தா கட்டியவர்களுக்கு அதை இலவசமாக அனுப்ப நேர்ந்தது. ஒரு நாட்டில் மக்கள் விடியலிலிருந்து வரிசையில் நின்று வாங்கிய பொருள், இன்னொரு நாட்டில் சந்தாவோடு தரும் இலவசம்.

அடுத்த தலைமுறையில் எல்லாமே தலைகீழ். சேகா சாட்டர்ன் 1994 நவம்பர் 22 அன்று ஜப்பானில் ‘விர்ச்சுவா ஃபைட்டர்’ கேமோடு வந்தது. ஜப்பானிய நகரங்களில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எல்லாம் ஆர்கேட் கூடங்கள் இருந்தன. அங்கே காசு போட்டு ஆடிய கேமை வீட்டில் ஆடலாம் என்பதே அதன் ஈர்ப்பு. மெகா டிரைவ் அங்கே விற்றதைவிட சாட்டர்ன் அதிகம் விற்றது. அமெரிக்காவிலோ, அதே நவம்பரில் ‘32எக்ஸ்’ என்ற துணைக்கருவியைச் சேகா விற்றிருந்தது. வாங்கியவர்களின் எரிச்சல் அடங்குமுன்பே 1995 மே மாதம், அறிவித்த தேதிக்கு நான்கு மாதம் முன்னதாக, சாட்டர்ன் 399 டாலருக்குக் கடையில் இருப்பதாகத் திடீரென்று சொன்னது. சரக்கு சில கடைச் சங்கிலிகளுக்கு மட்டுமே போயிருந்தது. விடுபட்ட கடைக்காரர்கள் கொதித்தார்கள். கேம் செய்பவர்களிடம் முடிந்த கேம்கள் இல்லை. அதே நாளில் சோனி பிளேஸ்டேஷனின் விலை 299 டாலர் என்றது. சாட்டர்ன் உலகெங்கும் விற்ற சுமார் 93 இலட்சத்தில் பாதிக்கு மேல் ஜப்பானில் விற்றவை. “சாட்டர்ன் தோல்வி” என்று ஒரே வரியில் நீங்கள் எழுதும்போது, அந்த இயந்திரத்தை நெஞ்சில் வைத்திருக்கும் ஜப்பானியரின் அனுபவம் அழிந்துபோகிறது. மெகா டிரைவில் ஜப்பானியத் தோல்வி மறைந்ததுபோல, சாட்டர்னில் ஜப்பானிய வெற்றி மறைகிறது.

இதே சேகா பிரேசிலில் கண்ட வாழ்வு வேறு எங்கும் காணாதது. பிரேசில் 1984இல் உள்நாட்டுக் கணினித் தொழிலைக் காக்கச் சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டு மின்னணுப் பொருள்களுக்கு உயரமான சுவர் எழும்பியது. அந்தச் சுவருக்குள்ளே இருந்து செய்தால்தான் விற்கலாம். அமேசான் காட்டின் நடுவே இருக்கும் மனாவுஸ் நகரம் 1967 முதல் வரிச்சலுகைப் பகுதி. 1987இல் தொடங்கிய டெக்டாய் என்ற பிரேசில் நிறுவனம் சேகாவோடு ஒப்பந்தம் செய்து அங்கே உற்பத்தி செய்தது. மாஸ்டர் சிஸ்டத்தை 1989இல் கொண்டுவந்து தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தது; கேம்களைப் போர்த்துக்கீசிய மொழிக்கு மாற்றியது; சேகாவின் ‘வொண்டர் பாய்’ கேமை எடுத்து, கதாநாயகனுக்குப் பதிலாக பிரேசில் பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்த மோனிகா என்ற காமிக்ஸ் சிறுமியை வைத்தது. உலகம் மறந்துவிட்ட அந்த எட்டு பிட் இயந்திரத்துக்கு ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ கேமை 1997இல் டெக்டாய் வெளியிட்டது. நிண்டெண்டோ 64 வந்து ஓராண்டு ஆகியிருந்த காலம் அது. பிரேசில் பிள்ளைக்கு மாஸ்டர் சிஸ்டம் பழைய இயந்திரம் அல்ல, தன் மொழி பேசிய, தன் அப்பாவால் வாங்க முடிந்த இயந்திரம்.

வரிச்சுவரின் கதை அங்கே முடியவில்லை. 2013இல் சோனி, பிளேஸ்டேஷன் 4 பிரேசிலில் 3,999 ரியாய்ஸ் என்று அறிவித்தது; அன்றைய மாற்று விலையில் ஏறத்தாழ 1,800 டாலர். அமெரிக்காவில் அது 399 டாலர். இறக்குமதி வரிகளே காரணம் என்று சோனி விளக்கம் வெளியிட வேண்டிவந்தது. மைக்ரோசாஃப்ட் 2011 முதலே எக்ஸ்பாக்ஸ் 360ஐ மனாவுஸில் தொகுக்கத் தொடங்கியிருந்தது. நிண்டெண்டோவோ 2015இல் வரியைக் காரணம் காட்டிப் பிரேசிலை விட்டு வெளியேறி, ‘ஸ்விட்ச்’ என்ற இயந்திரத்தோடு 2020இல்தான் திரும்பியது. இவற்றில் எந்த முடிவும் கேமின் தரத்தைப் பற்றியதல்ல. பிளேஸ்டேஷன் 2 அங்கே அதிகாரபூர்வமாக வந்தது 2009இல்; அதற்கு முன்பே நடைபாதைக் கடைகளில் கள்ள வட்டுகளோடு நாடெங்கும் பரவிவிட்டது. உள்ளூர்க் கால்பந்து அணிகளைப் புகுத்தி ரசிகர்கள் மாற்றியமைத்த ஜப்பானியக் கால்பந்து கேம்தான் அங்கே பலருடைய முதல் நினைவு.

ரஷ்யாவில் நிண்டெண்டோவே இல்லாமல் நிண்டெண்டோ வென்றது. 1992 டிசம்பரில் ஸ்டீப்ளர் என்ற மாஸ்கோ நிறுவனம் ‘டெண்டி’ என்ற பெயரில், தைவானில் செய்யப்பட்ட ஃபேமிகாம் நகலை விற்கத் தொடங்கியது. யானைக்குட்டி சின்னம், தொலைக்காட்சி நிகழ்ச்சி, தனிப் பத்திரிகை என்று ஒழுங்கான நிறுவனம்போலவே நடந்துகொண்டது. சோவியத் ஒன்றியம் கலைந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது; அசல் நிறுவனம் எதுவும் அங்கே கடை விரிக்கவில்லை. நிண்டெண்டோ 1994இல் ஸ்டீப்ளரோடு வழக்காடாமல் உடன்படிக்கை செய்துகொண்டு தன் அடுத்த இயந்திரத்தை விற்க அதையே நியமித்தது. இன்றும் ரஷ்யாவில் நடுவயதுக்காரர் பலருக்குக் கன்சோல் என்றாலே டெண்டிதான். போலந்தில் அதேபோல் ‘பெகாசஸ்’. நிண்டெண்டோவின் விற்பனைக் கணக்கேட்டில் இந்த வீடுகள் எதுவும் இல்லை. கணக்கேட்டை மட்டும் பார்த்து எழுதினால் கிழக்கு ஐரோப்பாவில் தொண்ணூறுகளின் ஃபேமிகாம் விளையாட்டே நடக்கவில்லை என்றுதான் எழுத நேரும்.

தென்கொரியாவில் சட்டமும் வரலாற்றுக் காயமும் வேலை செய்தன. ஜப்பானிய ஆட்சியிலிருந்து 1945இல் விடுபட்ட அந்நாடு ஜப்பானியப் பண்பாட்டுப் பொருள்களைத் தடுத்துவைத்தது. 1998 முதல்தான் படிப்படியாகத் திறந்தது. இடைக்காலத்தில் நிண்டெண்டோவின் இயந்திரத்தை ஹூண்டாய் ‘காம்பாய்’ என்றும், சேகாவின் இயந்திரத்தைச் சாம்சங் தன் பெயரிலும் விற்றன. கதவு திறக்கும் நேரத்தில் 1997 நிதி நெருக்கடி வந்தது. வேலையிழந்தவர்களில் பலர் ‘பி.சி. பாங்’ எனும் கணினி நிலையங்களைத் திறந்தார்கள்; அதிவேக இணையம் பரவியது; 1998இல் ‘ஸ்டார்கிராஃப்ட்’ வந்தது. பிளேஸ்டேஷன் 2 அதிகாரபூர்வமாக அங்கே நுழைந்த 2002இல் இளைஞர்களின் மாலை நேரம் ஏற்கெனவே வேறு இடத்தில் குடியேறிவிட்டது. சீனாவில் அரசே 2000 ஜூனில் கன்சோல் உற்பத்தியையும் விற்பனையையும் தடுத்தது. பிள்ளைகளின் நலன் காரணமாகச் சொல்லப்பட்டது. ஷாங்காய் தடையற்ற வர்த்தக வட்டாரத்தில் தளர்த்தி, 2015இல் நாடு முழுவதும் தடையை நீக்குவதற்குள் 15 ஆண்டுகள் ஓடிவிட்டன. இதற்கிடையில் ஒரு தலைமுறை கணினியிலும் பிறகு கைபேசியிலும் ஆடி வளர்ந்துவிட்டது. சீனர்களுக்குக் கன்சோல் பிடிக்காது என்று இப்போது எழுதுபவர்கள் இந்த 15 ஆண்டுகளை எங்கே வைப்பார்கள்?

பிடிக்கும், பிடிக்காது என்ற இந்தப் பேச்சைத்தான் உங்களிடம் அழுத்தமாகக் கேள்விக்கு உட்படுத்த வேண்டியிருக்கிறது. ஜப்பானில் எக்ஸ்பாக்ஸ் விற்காதது குறித்துத் தமிழில் வரும் விளக்கம் ஏறத்தாழ எப்போதும் ஒன்றே: ஜப்பானியர் வெளிநாட்டுப் பொருளை வாங்க மாட்டார்கள். அப்படியானால் ஜப்பானில் புழங்கும் திறன்பேசிகளில் ஏறக்குறைய பாதி ஐபோனாக இருப்பது எப்படி? முதல் எக்ஸ்பாக்ஸ் 2002 பிப்ரவரி 22 அன்று ஜப்பானுக்கு வந்தது. பில் கேட்ஸ் நேரில் வந்து தொடங்கிவைத்தார். பெட்டி பெரிது, ஜப்பானிய வீட்டு அறை சிறிது. வட்டுகளில் கீறல் விழுவதாக முதல் வாரங்களிலேயே புகார் எழுந்தது. நிறுவனம் அதை எதிர்கொண்ட விதம் வாங்கியவர்களின் மனத்தைப் புண்படுத்தியது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜப்பானியர் எதிர்பார்த்த கேம்கள் பிளேஸ்டேஷன் 2இல் இருந்தன. மொத்தம் 2.4 கோடி விற்ற முதல் எக்ஸ்பாக்ஸ் ஜப்பானில் 5 இலட்சத்தைத்தான் ஒட்டி நின்றது. அடுத்துவந்த 360க்கு, ‘ஃபைனல் ஃபேன்டஸி’யை உருவாக்கிய ஹிரோநோபு சகாகுச்சியைக் கொண்டு ‘புளூ டிராகன்’ செய்வித்து 2006இல் வெளியிட்டபோது விற்பனை ஏறியது. வேண்டிய கேம் வந்தபோது வாங்கியவர்கள் அதே ஜப்பானியர்தான். பிறகு அத்தகைய கேம்கள் தொடர்ந்து வராததால் சரிந்தது. இதில் இனத்தின் இயல்பு என்று எழுத எதுவும் இல்லை. எந்தக் கேம், எந்த மாதம், என்ன விலை என்று எழுதத்தான் நிறைய இருக்கிறது.

பண்பாடு என்பது பொய் என்று சொல்லவில்லை. அது எங்கே வேலை செய்கிறது என்பதைச் சிறிய, தொட்டுணரக்கூடிய இடத்தில் காட்ட வேண்டும். பிளேஸ்டேஷன் பொத்தான்களில் வட்டம் ஜப்பானில் ‘சரி’, பெருக்கல்குறி ‘தவறு’. பள்ளிக்கூட விடைத்தாளிலும் அங்கே அப்படித்தான் குறிப்பார்கள். மேற்கு நாடுகளில் பெருக்கல்குறிப் பொத்தான்தான் உறுதிப்படுத்தும். 2020இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது ஜப்பானையும் மேற்கத்திய முறைக்கு மாற்றினார்கள். கால் நூற்றாண்டு விரல்பழக்கம் ஒரே நாளில் தலைகீழானது. தன் சொந்த நாட்டைவிட வெளிச்சந்தையைச் சோனி பெரிதாக எண்ணத் தொடங்கிவிட்டதன் அடையாளமாக ஜப்பானிய ரசிகர்கள் பலர் அதைப் பார்த்தார்கள்.

‘மான்ஸ்டர் ஹன்டர்’ கேம் இன்னும் நல்ல சான்று. சோனியின் கையடக்க பி.எஸ்.பி.க்கு 2008இல் வந்த பதிப்பு ஜப்பானில் பெரும் புயலாக அடித்தது. ரயிலில் பள்ளிக்கும் வேலைக்கும் போகும் நாடு அது; நான்கு பேர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, இணையம் இல்லாமலே இயந்திரங்களை இணைத்துச் சேர்ந்து வேட்டையாடலாம். காரில் தனியாகப் போகும், நண்பன் வீடு பத்து மைல் தள்ளி இருக்கும் அமெரிக்காவில் அந்த நான்கு பேரை எங்கே சேர்ப்பது? அதே வேட்டை 2018இல் ‘மான்ஸ்டர் ஹன்டர் வேர்ல்ட்’ என்ற பெயரில் பெரிய திரைக் கன்சோல்களுக்கு வந்து, தூரத்தில் இருப்பவர்களை இணையத்தால் சேர்த்தபோது அமெரிக்காவும் ஐரோப்பாவும் அள்ளிக்கொண்டன. அமெரிக்கரின் ரசனை பத்தாண்டில் மாறிவிடவில்லை. நண்பர்கள் கூடும் இடம் மாறியது. போக்குவரத்தும் வீட்டின் அளவும் கன்சோல் வரலாற்றில் இப்படி நேரடியாகப் பங்கேற்கின்றன.

நிறுவனங்களுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். 2025 ஜூன் 5 அன்று வந்த ஸ்விட்ச் 2, ஜப்பானில் இரண்டு விலையில் விற்றது: ஜப்பானிய மொழி மட்டும் உள்ளது 49,980 யென், எல்லா மொழிகளும் உள்ளது 69,980 யென். யென்னின் மதிப்பு விழுந்திருந்த நேரம். குறைந்த விலையில் வாங்கி வெளிநாட்டில் விற்க நினைப்பவரை மொழி என்ற பூட்டு தடுத்தது. ஒரே நாட்டுக்குள் மொழியைக் கொண்டு சந்தைக்கு வேலி போடும் அளவுக்கு அவர்கள் வட்டாரத்தை நுணுக்கமாகப் பார்க்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதும் நீங்கள் உலகம் முழுவதையும் ஒரே சந்தையாகப் பார்க்கிறீர்கள்.

உங்கள் வாசகரின் சொந்த நாட்டுக்கு வருவோம். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டு வீடுகளில் இருந்தது ‘டிவி கேம்’. மஞ்சள் கேசட், 9999 கேம்கள் என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். உள்ளே போனால் அதே சில கேம்கள்தான் பெயர் மாறி மாறி வரும். ‘கான்ட்ரா’, ‘மாரியோ’, வாத்து சுடும் துப்பாக்கி கேம் ஆகியவற்றை ஆடி வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் நிண்டெண்டோ என்ற பெயரைப் பல ஆண்டுகள் கழித்தே கேள்விப்பட்டார்கள். அது டெண்டியின் உடன்பிறப்பு. அதே ஃபேமிகாம் நகல். பிறகு ப்ரௌசிங் சென்டர், பிறகு சிப் மாற்றிய பிளேஸ்டேஷன் 2, பிறகு மலிவான இணையத்தோடு வந்த கைபேசி. பிளேஸ்டேஷன் 5 பல நாடுகளில் 2020 நவம்பரில் வந்தது. இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2இல் 49,990 ரூபாய்க்கு வந்தது. கன்சோலுக்கு ஜி.எஸ்.டி. முதலில் 28 சதவீதம், 2019 தொடக்கத்தில் 18 ஆயிற்று. அதன்மேல் இறக்குமதிச் சுங்கம். ஸ்விட்ச் வெளியாகிப் பல ஆண்டுகள் கடந்தும் நிண்டெண்டோ இங்கே நேரடியாகக் கடை விரிக்கவில்லை. சென்னையின் பர்மா பஜார், ரிச்சி தெரு போன்ற இடங்களில் வெளியிலிருந்து வரும் சரக்கைத்தான் வாங்க வேண்டியிருந்தது. நிண்டெண்டோவின் அறிக்கையில் விற்பனை ஜப்பான், அமெரிக்கக் கண்டங்கள், ஐரோப்பா, மற்றவை என்று பிரித்துக் காட்டப்படுகிறது. அந்த ‘மற்றவை’யில் இருந்துகொண்டுதான் நீங்கள் எழுதுகிறீர்கள். ஆனால் அந்த ‘மற்றவை’யின் வரலாறு உங்கள் கட்டுரையில் ஒரு பத்தியைக்கூடப் பிடிப்பதில்லை.

இதை மனத்தில் வைத்து உங்களிடம் கேட்பவை கடினமானவை அல்ல. ‘வென்றது’, ‘தோற்றது’ என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் நாட்டின் பெயரையும் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். அப்படி எழுத முயலும்போதே தெரியாதது எது என்று உங்களுக்குத் தெரியவரும். அங்கே தேடத் தொடங்குங்கள். விற்பனை எண்ணைக் கொடுக்கும்போது, அது கடைக்கு அனுப்பிய எண்ணிக்கையா, வாடிக்கையாளர் வாங்கிய எண்ணிக்கையா என்று சொல்லுங்கள்; இரண்டும் பல சமயம் வெகுவாக வேறுபடும். ஒரு நாட்டு மக்களின் குணத்தைக் காரணமாகச் சொல்வதற்கு முன், அங்கே விலை என்ன, வரி என்ன, விற்றவர் யார், எந்த மொழியில் வந்தது, சட்டம் அனுமதித்ததா, கள்ளப்பிரதி எவ்வளவு எளிது என்பதை விசாரியுங்கள். இவ்வளவுக்கும் விடை கண்ட பிறகும் விளங்காத மிச்சம் இருந்தால் அதற்குப் பண்பாடு என்று பெயர் வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. இதற்குக் காலம் குறைவு. ஜப்பானின், அமெரிக்காவின் கன்சோல் வரலாற்றை எழுத அந்தந்த நாட்டில் ஆவணமும் ஆளும் இருக்கின்றன. டெக்டாயின் கதையைப் பிரேசில்காரர்கள் எழுதிவிட்டார்கள். டெண்டியின் கதையை ரஷ்யர்கள் எழுதிவிட்டார்கள். டிவி கேமின் கதையைத் தமிழில் யாரும் முழுமையாக எழுதவில்லை. அந்தக் கேசட்டுகள் எந்த வழியாக வந்தன, மொத்த வியாபாரிக்கு என்ன விலைக்குக் கிடைத்தன, மதுரைக்கும் திருச்சிக்கும் யார் கொண்டுபோனார்கள், பழுதான ஜாய்ஸ்டிக்கை யார் சரிசெய்தார்கள், கடையில் ஆட ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வாங்கினார்கள் என்பதெல்லாம் எந்த நிறுவன அறிக்கையிலும் இல்லை. அந்தக் கடைக்காரர்களுக்கும் பழுது பார்த்தவர்களுக்கும் இப்போது வயதாகிறது. அடுத்த அமெரிக்கத் தொடரை மொழிபெயர்க்க உட்காருவதற்கு முன் ஒருநாள் ரிச்சி தெருவுக்கோ உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைக்கோ போங்கள். முப்பது ஆண்டாக அங்கே இருப்பவரிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். பதிலை நாள், இடம், விலையோடு குறித்துவையுங்கள். பழைய ரசீது, விளம்பரத் துண்டு, கேசட் அட்டை எது கிடைத்தாலும் படமெடுத்துவையுங்கள். குறித்ததைத் தமிழில் வெளியிடுங்கள்.